பதிவில் விடுபட்ட பகுதி: மலையகத் தோட்டமொன்றில் ஒரு சமூகப்பணி மாணவியின் களப்பயிற்சி

நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகம் ஒன்றில் களப்பயிற்சி பெற்ற சமூகப்பணிப் பட்டப்படிப்பு மாணவி ஒருவரைப் பற்றியது இந்த நிகழ்வு ஆய்வு. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட குடும்பத்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தரம் 9இல் படிப்பை நிறுத்தியிருந்தாள். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தந்தை தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர். தந்தையின் தாயான அப்பாயியும் தம்பியும் அதே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில். மலையகத்தில் வேலை செய்யும் எவருக்கும் இப்படியொரு குடும்பம் புதிதல்ல. அதனால் சிறுமியின் கதையை வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்லி, அந்த வீட்டுக்குப் போய் வந்த மாணவிக்கு என்ன நடந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சி நிறுவனத்தின் சார்பில் நான் அவருடைய மேற்பார்வையாளர். ஒரு மாணவர் தொழிலுக்குத் தயாராகிவிட்டாரா என்பதைப் பரீட்சைப் புள்ளிகளை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை வீடுகளுக்குப் போனார் என்ற கணக்கும் அதற்கு உதவாது. களத்திலிருந்து திரும்பி வந்து, நடந்ததை இன்னொருவர் முன்னால் விரித்து வைத்துப் பேசுகிற வாராந்த மேற்பார்வை நேரத்தில்தான் அந்தத் தயார்நிலை உருவாகிறது என்பது என் உறுதியான கருத்து. நம் பகுதியில் வேலைப்பளு கூடியதும் முதலில் கைவிடப்படுவதும் அந்த நேரம்தான்.

மாணவியின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர் வாசித்துச் சில இடங்களைத் திருத்தியும் தந்தார். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

களத்துக்கு வந்தபோது

மாணவிக்கு வயது 24. கொழுந்து பறிக்கும் தாய்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்த தந்தைக்கும் பிறந்தவர். வளர்ந்தது வேறொரு தோட்டத்தின் மேல்கணக்கு (மேற்பிரிவு) லயத்தில். வகுப்பில் கெட்டிக்காரர். சட்டங்களைக் கேட்டால் ஆண்டோடு சொல்வார்: 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை உருவாக்கிய 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டம், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது, வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதும் 2021இல் 14இலிருந்து 16 ஆனது. சமூகப்பணி அறிஞர் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளையும் வரிசை மாறாமல் சொல்வார். ஏற்றுக்கொள்ளல், தீர்ப்பிடாமை, சேவைபெறுநரின் சுயதீர்மானம், இரகசியம் பேணல் என்று பட்டியல் நீளும்.

இலங்கையில் சமூகப்பணிக் கல்வி 1952இல் ஆரம்பமானது. இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக இருப்பதற்கு 1992இல் சட்ட அடித்தளம் கிடைத்தது; பட்டப்படிப்பு 2005இல் வந்தது. பாடத்திட்டத்தில் களப்பயிற்சிக்கு நிறைய மணித்தியாலங்கள் உண்டு. ஆனால் தோட்டப் பகுதிக்கு அனுப்பப்படும் மாணவருக்கு, அங்குள்ள வாழ்க்கையையும் தமிழையும் தொழிலையும் சேர்த்துத் தெரிந்த களமேற்பார்வையாளர் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. இந்த மாணவிக்கு செயலகத்தில் கிடைத்தவர் சிங்களம் பேசும் மூத்த உத்தியோகத்தர். நேர்மையானவர், அக்கறையானவர், கோப்புகளுக்குள் மூழ்கியிருந்தவர். படிவங்கள் சிங்களத்தில், நிறுவனத்துக்கான அறிக்கை ஆங்கிலத்தில், லயத்தில் பேச்சு தமிழில். ஒவ்வொரு சந்திப்பையும் மாணவி மூன்று மொழிகளில் சுமந்து திரிந்தார்.

முதல் கிழமைகள், யார் எதற்குப் பொறுப்பு என்று கற்றுக்கொள்வதிலேயே போயின. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். தோட்டத்தில் வாழும் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிர்வாகங்கள் உண்டு. அரசாங்கத்தின் பக்கம் கிராம உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், மாகாணத் திணைக்களத்தின் நன்னடத்தை உத்தியோகத்தர். தோட்டத்தின் பக்கம் துரை என்கிற தோட்ட முகாமையாளர், நலன்புரி உத்தியோகத்தர், பிள்ளை மடுவத்தை (குழந்தைகள் காப்பகத்தை) பார்ப்பவர், டிஸ்பென்சரி. தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன 1992ஆம் ஆண்டிலேயே வீடமைப்பு, சுகாதாரம், சிறுவர் பராமரிப்பு என்பவற்றுக்காக ஒரு தனி நிதியமும் அமைந்தது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறியப்படுகிறது. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடக்கூட பிரதேச சபைக்குத் தடை இருந்தது. ‘அது தோட்டத்து விஷயம்’ என்று செயலகமும், ‘அது கவர்மெண்ட் விஷயம்’ என்று தோட்ட ஆபீசும் கைகாட்டும் பழக்கம் சட்டம் மாறியதும் மறைந்துவிடவில்லை. பிள்ளைகள் விழுவது இந்த இடைவெளியில்தான். மாணவி ஒரு பெரிய தாளில் இருபக்க உத்தியோகத்தர்களையும் வரைந்து, யாரிடம் எந்தத் தொலைபேசி எண், யார் எந்த நாளில் எங்கே இருப்பார் என்று எழுதி வைத்திருந்தார். அவருடைய பயிற்சிக் காலத்தின் முதல் உருப்படியான வேலை என்று நான் குறித்தது அந்தத் தாளைத்தான்.

முதல் சந்திப்பு

பாடசாலை அதிபர் அனுப்பிய, தொடர்ந்து வராத பிள்ளைகளின் பட்டியலில் சிறுமியின் பெயர் இருந்தது. முறைப்படி போகவேண்டும் என்று நினைத்த மாணவி தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவரைச் சந்தித்து, அவரோடு சேர்ந்தே லயத்துக்குப் போனார். மாலை நேரம். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள். தலைவரும், கையில் கோப்போடு ஒரு பெண்ணும் வருவதைப் பார்த்து அந்த லயமே வெளியில் வந்துவிட்டது. வாசலில் நின்றபடி, “பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போறதில்ல?” என்று கேட்டார் மாணவி. தந்தை பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். “வயசுக்கு வந்த பிள்ளை மிஸ், ரோட்டுல மூணு மைல் தனியா நடக்கணும்” என்று அப்பாயி சொன்னதோடு பேச்சு முடிந்தது. சிறுமி கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து ‘குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அந்த வரியை அப்படியே வைத்துக்கொண்டு பேசினோம். வாசலில் யார் யார் நின்றார்கள், யார் எங்கே உட்கார்ந்தார்கள், தந்தைக்குப் பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டேன். சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்தது. தந்தையின் பக்கத்து வீட்டுக்காரர்தான் அவருக்குக் கடன் கொடுத்தவர். தொழிற்சங்கத் தேர்தலில் தலைவருக்கு எதிராக நின்ற குழுவில் தந்தை இருந்தவர். அந்தக் கேள்வியை அந்த மனிதர்களுக்கு முன்னால் வைத்ததும் அது பிள்ளையைப் பற்றிய கேள்வியாக இல்லாமல், தகப்பனின் மானத்தைப் பற்றிய கேள்வியாகிவிட்டது.

பழைய லயங்களில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பல இடங்களில் தடுப்புச் சுவர் கூரை வரை ஏறுவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டில் கேட்கும். இரகசியம் பேணல் பற்றி எழுதிய பாடநூல்கள் எல்லாம், பேசுவதற்கு மூடிய கதவுள்ள ஓர் அறை இருப்பதாக எடுத்துக்கொள்கின்றன. இங்கே அந்த அறையைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலையின் முதல் பகுதி. நகரத்தில் பயிற்சி பெற்று வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கக் காலம் எடுக்கும். இந்த மாணவிக்கு லயம் தெரியும். அவர் பிறந்து வளர்ந்ததே லயத்தில்தான். இருந்தும், உத்தியோகத்தர் என்ற அடையாளத்தோடு உள்ளே போனபோது தனக்குத் தெரிந்ததை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார். தயார்நிலையில் நான் கவனித்துப் பார்ப்பது இதைத்தான்: கற்ற முறையும் வாழ்ந்து அறிந்ததும் ஒருவருக்குள் ஒன்றையொன்று தெரிந்துகொள்கின்றனவா என்பதை.

இரண்டாவது சந்திப்பும் பதிவும்

அடுத்த முறை காலையில், ஆட்கள் மலைக்குப் போன பிறகு, தனியாகப் போனார். கோப்பைப் பைக்குள் வைத்திருந்தார். அப்பாயி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எந்தத் தோட்டம் மக நீ?”

மாணவி சொன்னார். அப்பாயி கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தத் தோட்டத்தில் தன் சின்னம்மா மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பத்தைக் கேட்டார். இரண்டு கேள்விகளில் மாணவியின் தாத்தா பெயர் வரை வந்துவிட்டது. பிளேன்டீ வந்தது. தோட்டத்தில் உறவு விசாரிப்பது நம்பிக்கைக்கான வழி. கூடவே ஒரு சிக்கலும் வரும். உறவு என்று ஆகிவிட்டால் உத்தியோகத்தராக ஒரு கேள்வியைக் கேட்பது கடினம். அன்றைக்கு அப்பாயி தன் இன்னொரு பேரனுக்கு நகரத்தில் ஒரு வேலைக்குச் சிபாரிசு கேட்டதும் அதன் தொடர்ச்சிதான்.

இந்தச் சந்திப்பின் செயல்முறைப் பதிவை மாணவி தமிழில் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தேன். யார் என்ன சொன்னார், அப்போது தான் என்ன நினைத்தார் என்பதை அப்படியே எழுதும் பதிவு இது. எழுதுபவருக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் மாணவரின் மனம் எங்கே நின்றது என்று காட்ட இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஆறு பக்கப் பதிவு. அப்பாயியின் பேச்சு சொல்லுக்குச் சொல் இருந்தது. தேநீர் குடித்தது, சிபாரிசைப் பக்குவமாக மறுத்தது, எல்லாம் இருந்தன. அதற்குப் பிறகு, ‘சிறுமி என்னைப் பாதை வரை கொண்டுவந்து விட்டாள். 11.30க்குப் பஸ் ஏறினேன்’ என்று முடிந்திருந்தது. லயத்திலிருந்து பாதைக்கு இறங்க அரை மணி நேரமாவது எடுக்கும். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“கீழே இறங்கும்போது பிள்ளை ஒன்றும் பேசவில்லையா?” என்று கேட்டேன்.

நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார். சிறுமியைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பத் தீர்மானித்திருந்தார்கள். தரகர் வந்து பேசிவிட்டார். தந்தை முன்பணம் வாங்கியிருந்தார். அடுத்த சம்பளத்துக்குப் பிறகு கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா, அப்பாவைப் பொலிஸ் புடிச்சுக்கிட்டுப் போயிடும்” என்று சிறுமி அழுதிருக்கிறாள். மாணவி அவளுடைய கையைப் பிடித்து, “சொல்லவே மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மேற்பார்வையில் நடந்தது

14 வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்புவது குற்றம் என்று அவருக்குத் தெரியும். சிறுவர்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1929 என்பதும் தெரியும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் இரகசியம் அதோடு நின்றுவிடும் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவர். பிறகு ஏன் வாக்குக் கொடுத்தார், ஏன் பதிவிலும் அதை மறைத்தார் என்பதை அவரே சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன்.

மாணவிக்கு ஓர் அக்கா உண்டு. அவரும் 15 வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் தங்கை உயர்தரம் வரை படித்தார். “அந்தத் தகப்பனைப் பிழையானவர்னு எழுதினா, எங்க அப்பாவையும் அப்படி எழுதின மாதிரி இருந்துச்சு” என்றார். மலையகப் பின்னணியிலிருந்து இந்தத் தொழிலுக்கு வரும் பலருக்கு இப்படியொரு கணம் வரும். நம் வீடு, நம் லயம், நம் அப்பா என்று ஒரு குடும்பத்துக்குள் தன்னையே பார்த்துவிடும் கணம். அதனால்தான் மக்கள் அவர்களை நம்புகிறார்கள். அதே காரணத்தால் அவர்கள் வாயடைத்தும் போகிறார்கள்.

மேற்பார்வைக்கு நிர்வாகம், கற்பித்தல், ஆதரவு என்று மூன்று பணிகள் உண்டு என்று சமூகப்பணி அறிஞர் கடூஷின் வகுத்தார். மூன்றும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பிள்ளையின் பாதுகாப்பு நிர்வாகப் பொறுப்பு. அது மறுநாள் வரை காத்திருக்க முடியாது. வாக்குறுதி ஒரு பாடம். அக்காவின் கதைக்கு ஆதரவு தேவை. அந்தக் கதையை நான் மேலும் தோண்டவில்லை. மேற்பார்வை உளவளத்துணை இல்லை. அவருடைய அக்காவைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியது, அது இந்தப் பிள்ளையோடு செய்யும் வேலையை எப்படித் தொடுகிறது என்பது மட்டுமே. அதற்கு மேல் பேச விரும்பினால் யாரிடம் போகலாம் என்று சொன்னேன். பின்னர் அவர் போனார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று பிற்பகலே களமேற்பார்வையாளரையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் தொலைபேசியில் அழைத்தோம். இருவரும் உடனே செயற்பட ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாணவி ஒன்றைக் கேட்டார்: உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகும் முன்னால், தானே சிறுமியிடம் போய், சொல்லப் போவதைச் சொல்லவேண்டும் என்று. இதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. முன்கூட்டித் தெரிந்தால் குடும்பம் பிள்ளையை அன்றிரவே அனுப்பிவிடலாம் என்று உத்தியோகத்தர் பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. அப்படி நடந்த சம்பவங்களை அவர் பார்த்திருக்கிறார். மறுபக்கம், பிள்ளை நம்பிச் சொன்ன ஒரே ஆள் அவளுக்குத் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று ஆனால், அடுத்த ஆபத்தில் அவள் யாரிடம் பேசுவாள்? கடைசியில் இரண்டையும் ஒரே காலையில் வைத்துக்கொண்டோம். மாணவி முதலில், உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் ஒரு மணி நேரத்துக்குள்.

பேச இடம் வேண்டும். பிள்ளை மடுவத்தை நடத்தும் பெண்ணிடம் மாணவி பேசி, குழந்தைகள் பால் குடித்துப் படுக்கும் நேரத்தில் உள்ளறையைக் கேட்டு வாங்கினார். தம்பியின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரும்படி சிறுமிக்குச் சொல்லியனுப்பியதால் யாரும் சந்தேகப்படவில்லை. இந்த ஏற்பாடு முழுவதும் அவருடையது.

அந்தப் பேச்சின் பதிவு ஒன்றரைப் பக்கம்தான். அதிலிருந்து சில வரிகளை அவருடைய அனுமதியோடு தருகிறேன்.

“தங்கச்சி, அன்னைக்கு நான் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். அப்படிச் சொன்னது என்னோட பிழை. உனக்கு ஆபத்து வர்ற விஷயத்தை மறைக்க எனக்கு உரிமை இல்ல. இன்னைக்கு ஒரு மிஸ் வருவாங்க. அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன்.”

“அப்பாவைப் புடிப்பாங்களா?”

“புடிக்க மாட்டாங்கன்னு நான் வாக்குத் தர மாட்டேன். முதல்ல அப்பாகூட பேசத்தான் வர்றாங்க. அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் என்ன நடந்தாலும் நானே வந்து உனக்குச் சொல்றேன்.”

சிறுமி கோபப்பட்டாள். கொஞ்ச நேரம் முகம் கொடுக்கவில்லை. பிறகு, “அந்த மிஸ் வரும்போது நீங்களும் இருப்பீங்களா?” என்று கேட்டாள்.

இரண்டாவது பதிலை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லி, தெரியாததற்கு வாக்குத் தராமல், தன்னால் முடிந்ததை மட்டும் உறுதியாகச் சொல்கிறார். பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே அழும் பிள்ளையின் முன்னால் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். சில நாட்களுக்கு முன்னால் அதே பிள்ளையிடம் அவர் சொன்னதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் நடந்த மேற்பார்வையின் பயன் தெரியும்.

அதற்குப் பிறகு

தந்தையோடு உத்தியோகத்தர் பேசியபோது மாணவி மொழிபெயர்த்தார். இங்கேயும் ஒரு கவனம் தேவைப்பட்டது: மொழிபெயர்க்கும்போது உத்தியோகத்தரின் கண்டிப்பை மென்மையாக்கிவிடக் கூடாது, தந்தையின் வார்த்தைகளைச் சீராக்கிவிடவும் கூடாது. கடன் பற்றி அவர் பேசினார். 2021இலிருந்து நாட்சம்பளம் அப்போது 1000 ரூபாவாக இருந்தாலும், பறித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். 2022க்குப் பிறகு அரிசியும் மாவும் விற்ற விலையில் அது எந்த மூலைக்கும் காணவில்லை. குவைத்திலிருந்து வரும் பணம் பழைய கடனின் வட்டிக்கே போனது. தரகர், “டீச்சர் வீடு, மாலையில படிக்கவும் வைப்பாங்க” என்று சொல்லியிருந்தார். தாயிடம் வாட்ஸ்அப்பில் பேசியபோது அவரும் அதே வார்த்தைகளைச் சொன்னார். தாய்க்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்த மாணவிக்கு இது அதிர்ச்சி. பெற்றோர் இருவரும் பிள்ளைக்கு நல்லது என்று நம்பியே சம்மதித்திருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் புரிந்துகொள்வதும், சட்டம் இதை அனுமதிக்காது என்று தெளிவாகச் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்று அவர் கற்றது அந்தத் தொலைபேசி உரையாடலில்தான்.

தரகரைப் பற்றிய முறைப்பாடு பொலிஸின் சிறுவர், மகளிர் பணியகத்தில் பதியப்பட்டது. தந்தை எச்சரிக்கப்பட்டார், கைதுசெய்யப்படவில்லை. சிறுமி தரம் 9க்குத் திரும்பினாள். மூன்று மைல் பாதைக்கு விடை எளிமையாகக் கிடைத்தது: மேல்கணக்கிலிருந்து அதே பாடசாலைக்குப் போகும் நான்கு பிள்ளைகளோடு சேர்ந்து போவது. அதை ஏற்பாடு செய்தது மாதர் சங்கத்தின் அம்மாமார். எந்தத் திணைக்களத்தாலும் இவ்வளவு சீக்கிரம் செய்திருக்க முடியாது.

இன்னொரு வேலை தானாக வந்து சேர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சிறுமியின் சான்றிதழில் தந்தையின் பெயர் சிங்களத்தில் பதியப்பட்டபோது ஓர் எழுத்து மாறியிருந்தது. தந்தையின் அடையாள அட்டையில் இருந்தது வேறொரு பெயர் போல் ஆகிவிட்டது. ஆவணங்களைப் பார்க்கக் கேட்டபோது அப்பாயி தகரப் பெட்டியைத் திறந்து, பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றிய தாள்களை எடுத்தார். எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய கணவரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை, இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஆட்களைப் பங்குபோட்டதற்குப் பிறகு, தனித்தனியாக விண்ணப்பித்துப் பெற்ற தலைமுறை அது. அந்த வரலாற்றை மாணவி வகுப்பில் படித்திருந்தார். மூலப் பிரதியை எவருடைய கையிலும் கொடுக்க முடியாது என்று அப்பாயி பிடிவாதமாகச் சொன்னபோது, அதை ‘ஒத்துழையாமை’ என்று இந்த முறை அவர் எழுதவில்லை. அப்பாயியையே பஸ்ஸில் செயலகத்துக்கு அழைத்துப் போய், அவர் கண் முன்னாலேயே பிரதி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

தன் கைத்தொலைபேசியில் அந்தத் தாள்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் உத்தியோகத்தருக்கு அனுப்பியிருந்ததை அடுத்த மேற்பார்வையில் அவரே எடுத்துப் பேசினார். ஒரு குடும்பத்தின் அடையாளங்கள் தன் தனிப்பட்ட தொலைபேசியில் இருக்கலாமா என்று கேட்டார். அழித்துவிட்டு, இனிமேல் செயலக மின்னஞ்சலுக்கு மட்டும் என்று தீர்மானித்தார். நான் கேட்காமலே வந்த கேள்வி அது. பதிவில் அரை மணி நேரத்தை மறைத்தவரிடமிருந்து வந்தது என்பதால் அதற்கு என் குறிப்பில் தனியிடம் கொடுத்தேன்.

விடைபெறுதல்

களப்பயிற்சி முடிவதை மாணவர்கள் பெரும்பாலும் கடைசி நாளில்தான் சேவைபெறுநரிடம் சொல்வார்கள். பிரிவைச் சொல்லச் சங்கடம். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு, இன்னொரு பெண்ணும் திடீரென்று வராமல் போவது சாதாரண விஷயம் இல்லை. இதை முன்கூட்டியே பேசினோம். கடைசி மூன்று சந்திப்புகளுக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் மாணவி கூட்டிப் போனார். முதல் முறை அவரே பேசினார். இரண்டாம் முறை பாதி. மூன்றாம் முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் தொலைபேசி இலக்கத்தைச் சிறுமி கேட்டபோது கொடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு என்னிடம் அழுதார். கொடுக்காமல் விட்டது சரிதானா என்று இன்றைக்கும் அவர் கேட்பார். சரிதான் என்பதே என் பதில். கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை உத்தியோகத்தரைத் தேடாமல் அவரையே தேடியிருப்பாள், அவரோ வேறு மாவட்டத்தில் இருந்திருப்பார்.

மதிப்பீடு

நிறுவனத்தின் படிவத்தில் நேரந்தவறாமை, அறிக்கை எழுதுதல், கோட்பாட்டைப் பிரயோகித்தல், நிறுவன விதிகளை மதித்தல் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நல்ல புள்ளிகள் கொடுத்தேன். ஆங்கில அறிக்கை பலவீனம், அதையும் குறித்தேன். முறைப்பாட்டுக்குப் பிறகு தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றி அவர் ஒருமுறையும் நேராகப் பேசவில்லை, அதைச் சுற்றிச் சுற்றியே போனார். இன்னும் வளரவேண்டிய இடம் என்று அவருக்கும் சொன்னேன். ஒரு பிழையை மறைத்து, பேசி, திரும்பிப்போய்ச் சம்பந்தப்பட்ட ஆளின் முகத்துக்கு நேரே சரிசெய்ததற்குப் படிவத்தில் இடம் இல்லை. பின்பக்கத்தில் கையால் எழுதிச் சேர்த்தேன்.

பயிற்சி நிறுவனத்துக்கு நான் சில கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தோட்டப் பகுதி மாணவர்கள் செயல்முறைப் பதிவைத் தமிழில் எழுதலாம், சுருக்கத்தை மட்டும் ஆங்கிலத்தில் தந்தால் போதும் என்று விதி வரவேண்டும். அந்த மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆறு பக்கம் இரண்டு பக்கமாகியிருக்கும். விடுபட்ட அரை மணி நேரம் என் கண்ணில் பட்டிருக்காது. செயலகத்தின் களமேற்பார்வையாளருக்கு மாணவரோடு உட்காரும் நேரம் கடமை நேரமாகக் கணக்கிடப்படவேண்டும். இப்போது அவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தைத்தான் கொடுக்கிறார்கள். சொந்தச் சமூகத்துக்குள் பயிற்சி பெறும் மாணவருக்கு, களத்துக்குப் போகும் முன்பே, தன் குடும்பக் கதை எங்கெங்கே குறுக்கே வரக்கூடும் என்று பேசும் ஓர் அமர்வு வேண்டும். மலையக மாணவர்களை மலையகத்துக்கு அனுப்பவேண்டாம் என்று சிலர் முன்வைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. அப்பாயி அந்த இரண்டாவது காலையில் பேசியது, ‘எந்தத் தோட்டம் மக நீ’ என்ற கேள்விக்குப் பதில் இருந்ததால்தான்.

மாணவி எழுதிய ஒப்படைப்புக் குறிப்பில் மூன்று விடயங்கள் முடியாதவையாக இருக்கின்றன: பிறப்புச் சான்றிதழ்த் திருத்தம் பதிவாளர் அலுவலகத்தில் பரிசீலனையில் உள்ளது, தரகரின் தொலைபேசி நிறுத்தப்பட்ட நிலையில் முறைப்பாடு திறந்தே இருக்கிறது, தந்தையின் கடனில் எதுவும் குறையவில்லை, ஆகவே அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும்போது வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எந்தக் கிழமையில் போகவேண்டும் என்பதையும், தந்தை வீட்டில் இருக்கும் நேரத்தையும், பேசுவதற்குப் பிள்ளை மடுவத்தின் உள்ளறையைக் கேட்டு வாங்கலாம் என்பதையும் அதன் கீழே எழுதியிருக்கிறார்.